ஆபீஸ் மெயில், ஆர்சிஏ எல்லாத்தையும் வேர்ட் க்ளவுட்ல கொட்டிப் பாத்தாச்சு: வாயண்ட் டூல்ஸ் ரிவ்யூ

மொதல்லயே சொல்லிடறேன், வேர்ட் க்ளவுட்னா, அதாவது அதிகமா வந்த வார்த்தைய பெருசா காட்டற அந்த படம்னா, எனக்கு பெருசா மரியாத கெடயாது. டவுன்ஹால் மீட்டிங்ல க்யூஆர் கோட காட்டி "உங்க மனசுல இருக்கறத ஒரே வார்த்தைல போடுங்க"ம்பாங்க, எல்லாரும் ஃபோன எடுத்து தட்டுவோம், ஸ்க்ரீன்ல குரோத்து இன்னவேஷன்னு கலர் கலரா ஊதிப் பெருசாகும், மூலைல எவனோ போட்ட "பார்க்கிங்" மட்டும் எறும்பு சைஸ்ல நிக்கும், கை தட்டிட்டு சாப்பிடப் போயிடுவோம். நெஜமா பிரச்சன என்னன்னு கேட்டா பார்க்கிங் தான், ஆனா பெருசா தெரிஞ்சது குரோத்து.

அப்பறம் எதுக்கு இதுல எறங்கினேன்னா, எனக்கு வேலையே மத்தவங்க எழுதறத திருத்தறது தான். பெங்களூருல பெள்ளந்தூர் பக்கம் ஒரு சப்போர்ட் ப்ராஜெக்ட், டாக்குமென்ட் சைடு நான் பாக்கறேன். வாரா வாரம் போற ஸ்டேட்டஸ் மெயில், ஏதாச்சும் உடைஞ்சா ஏன் உடைஞ்சுதுன்னு எழுதற ஆர்சிஏ (ரூட் காஸ் அனாலிசிஸ்) ரிப்போர்ட், எல்லாம் என் கண்ணுல பட்டு தான் போகும். க்ளையண்ட் ஒரு நாள் கால்ல "உங்க ரிப்போர்ட் எல்லாம் ஒரே ரிப்போர்ட்ட தேதி மாத்தி அனுப்பற மாதிரி இருக்கு"ன்னுட்டான். மேனேஜர் உடனே என் பக்கம் திரும்பி அப்படி என்ன தான் எழுதறோம்னு பாத்து சொல்லுங்கன்னுட்டாரு. ரெண்டு வருஷத்து குவியல், அத்தனையும் ஒக்காந்து படிக்க யாரால ஆகும், அதான் மொதல்ல ஒரு மேலோட்டமான படம் கெடைக்கட்டும்னு க்ளவுட் போடற டூலுங்க பக்கம், முக்கியமா வாயண்ட் டூல்ஸ் பக்கம், வந்தேன்.

மொதல்ல ஆன்லைன்ல இருக்கற அழகழகான வெப்சைட்டுங்க. ஹார்ட் ஷேப், பல்பு ஷேப், இந்தியா மேப் ஷேப்னு எல்லாம் இருக்கு. போஸ்டர் அடிக்கணும், ஃபேர்வெல்லுக்கு மக் பிரிண்ட் பண்ணணும்னா எடுத்துக்கோங்க, ஆபீஸ் எழுத்த பாக்கறதுக்கு வேண்டாம். காரணம் சிம்பிள், பெருசா தெரியற வார்த்தைய க்ளிக் பண்ணா அது எந்த வரில வந்துச்சுனு காட்டாது. அதோட, க்ளையண்ட் பேரு, சர்வர் பேரு எல்லாம் இருக்கற டெக்ஸ்ட்ட எவனோட சைட்டுலயோ பேஸ்ட் பண்றதுக்கு முன்னாடி உங்க இன்ஃபோசெக் (டேட்டா பாதுகாப்பு) ஆளுங்க முகத்த ஒரு தடவ நெனச்சிக்கோங்க.

இந்த மோகத்த பெருசா கெளப்பி விட்டது 2008ல வந்த வேர்டில், ஐபிஎம்ல இருந்த ஜொனாதன் ஃபைன்பர்க் பண்ணது. இப்ப காலைல எல்லாரும் ஆடிட்டு ஸ்கோர் ஷேர் பண்ற அஞ்செழுத்து கேம் இல்ல, அது 2021ல வேற ஒருத்தர் வெளியிட்டு 2022ல நியூயார்க் டைம்ஸ் வாங்கினது. பழைய வேர்டில் ஜாவா ஆப்லெட்ல ஓடிச்சு, ப்ரவுசர் எல்லாம் ஆப்லெட்ட கைவிட்டதும் அதுவும் மெல்ல போயிடுச்சு. ஆனா அது போட்டுக் குடுத்த வழி தான் இன்னைக்கும் பல டூல்ல, அதாவது எந்த வார்த்தை எத்தன தடவனு எண்ணு, அதிகமா வந்தத பெருசா எழுது, பெருசுல இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா வை, மோதுச்சுன்னா சுருள் மாதிரி வெளிய நகத்திட்டே போய் காலி எடம் கெடைச்ச இடத்துல சொருகு. அவ்ளோ தான் மேட்டர். நடுவுல இருக்கா ஓரத்துல இருக்கா, சிவப்பா பச்சையா, இதுக்கெல்லாம் வழக்கமா ஒரு அர்த்தமும் கெடயாது. இத நான் சொல்லியும் எங்க மேனேஜர் "டிலே ஏன் சிவப்புல இருக்கு, அது ரிஸ்க்கா?"ன்னு கேட்டாரு. சார் அது கம்ப்யூட்டர் சும்மா எடுத்த கலர் சார்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அத ஸ்லைட்ல ஏத்திட்டாரு.

சரி, வாயண்ட்டுக்கு வரேன். வாயண்ட் டூல்ஸ், இலக்கியம் வரலாறு படிக்கறவங்களுக்காக கனடால ரெண்டு பேராசிரியருங்க பண்ணது, மெக்கில் யுனிவர்சிட்டில இருந்த ஸ்டெஃபான் சின்க்ளேரும் ஆல்பெர்ட்டா யுனிவர்சிட்டி ஜெஃப்ரி ராக்வெல்லும். சின்க்ளேர் 2020ல எறந்துட்டாரு. ஃப்ரீ, லாகின் கூட கேக்காது. டெக்ஸ்ட்ட பேஸ்ட் பண்ணலாம், இல்லனா வேர்ட் ஃபைல் பிடிஎஃப்ப அப்படியே மொத்தமா அப்லோட் பண்ணலாம். ஸ்க்ரீன் பாக்க விமான காக்பிட் மாதிரி அஞ்சு பேனலா பிரிஞ்சு கெடக்கும், மொதல்ல பயமா தான் இருக்கும். இடது மேல சிர்ரஸ்னு ஒரு பேனல், அது தான் க்ளவுட். நடுவுல முழு டெக்ஸ்ட். வலது மேல ட்ரெண்ட்ஸ் கிராஃப். கீழ சம்மரியும் கான்டெக்ஸ்ட்ஸும். என்னக் கேட்டா இந்த கடைசி ரெண்டுக்காகத் தான் இந்த டூலே.

அதுக்கு முன்னாடி க்ளீனிங் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா ஆபீஸ் மெயில்ல எல்லாரும் சறுக்கற எடம் இது தான். மெயில அப்படியே எக்ஸ்போர்ட் பண்ணி போட்டீங்கன்னா நடு ஸ்க்ரீன்ல ஜம்முனு வந்து ஒக்காரது கான்ஃபிடென்ஷியல், இன்டென்டட், ரெசிபியன்ட். அட, மெயிலுக்கு அடில வால் மாதிரி தொங்குற டிஸ்க்ளெய்மர். அடுத்து ரிகார்ட்ஸ், தேங்க்ஸ், ஒவ்வொருத்தர் டெசிக்னேஷன், பெங்களூரு 560ல ஆரம்பிக்கற பின்கோடு. இத விட மோசம் ரிப்ளை செயின். ஒருத்தர் திங்கக்கெழம ஒரே ஒரு தடவ "அர்ஜென்ட்"னு எழுதியிருப்பாரு, அதுக்கு கீழ கீழ எல்லாரும் ரிப்ளை ஆல் போட போட அந்த அர்ஜென்ட் ஒவ்வொரு மெயிலோட வயித்துலயும் குந்திட்டு இருக்கும், கவுன்ட் எகிறிடும், ஏதோ டீமே பத்தி எரியற மாதிரி க்ளவுட் காட்டும். அதனால அனுப்பினவர் புதுசா எழுதின பகுதி மட்டும் வெச்சிட்டு, பழைய மெயில் ஆரம்பிக்கற "ஃப்ரம்" வரில இருந்து கீழ எல்லாத்தையும் வெட்டிடணும். ஆர்சிஏல டெம்ப்ளேட் தலைப்புங்க அதே மாதிரி, ரூட் காஸ், இம்பாக்ட், ஆக்‌ஷன் ஐட்டம் இதெல்லாம் யாரும் எழுதறதில்ல, ஃபார்ம்லயே இருக்கறது, அதையும் தூக்கணும். போரான வேலை தான், ஆனா இத பண்ணாம எடுத்த க்ளவுட்ட நம்பி யாராச்சும் பேசினா காதுல வாங்காதீங்க.

க்ளீன் பண்ணி ஆர்சிஏ குவியல உள்ள விட்டேன். மேனுவல், மிஸ்டு, டீம், இஷ்யூ, வொர்க்அரவுண்ட் இதெல்லாம் பெருசா வந்துச்சு. இதுல என்ன ஆச்சரியம், சப்போர்ட் ப்ராஜெக்ட்ல இஷ்யூ வராம இட்லியா வரும். ஆனா "மேனுவல்"ல க்ளிக் பண்ணதும் கான்டெக்ஸ்ட்ஸ் பேனல்ல அந்த வார்த்தை நடுவுல நிக்க, அதுக்கு முன்னாடி பின்னாடி நாலஞ்சு வார்த்தையோட எல்லா வரியும் ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வரிசையா வந்து நின்னுச்சு பாருங்க, அங்க தான் எனக்கு முழிப்பு வந்துச்சு. முக்காவாசி வரில வார்த்தைக்கு முன்னாடி "மிஸ்டு ட்யூரிங்", பின்னாடி "செக்". அதாவது உடையறதுக்கு காரணமா நாங்க திரும்ப திரும்ப சொல்றது, யாரோ கையால பண்ற செக்க விட்டுட்டாங்கன்னு. யாரு, எந்த செக்கு, ஏன் அது இன்னும் கையால நடக்குதுன்னு ஒரு வரில கூட இல்ல. க்ளையண்ட் "ஒரே ரிப்போர்ட்"னு சொன்னது இத தான். தனித்தனியா படிக்கும்போது ஒவ்வொரு ரிப்போர்ட்டும் நியாயமா தான் தெரிஞ்சுது, வரிங்கள அடுக்கி வெச்சப்பறம் தான் பல்லிளிச்சுது.

ட்ரெண்ட்ஸ்ல ஃபைல எல்லாம் மாச வரிசைல போட்டா ஒரு வார்த்தை ஏறுதா எறங்குதானு கோடு போட்டு காட்டும். ஃபைல் பேர்ல வருஷம் மாசம் மொதல்ல வர்ற மாதிரி பேரு வெச்சிக்கோங்க, இல்லனா வரிசை குழம்பும். எங்களுக்கு "பர்மனன்ட்" எறங்கிட்டே வர "வொர்க்அரவுண்ட்" ஏறிட்டே போச்சு. இது எதுக்கும் மேனேஜர் கலர் கேக்கல, அமைதியா பாத்தாரு.

தேடற எடத்துல ஒரு சின்ன வித்தை இருக்கு. வாயண்ட் டிலே, டிலேடு, டிலேஸ் மூணையும் தானா ஒண்ணு சேக்காது, மூணும் தனித்தனி கணக்கு, அதனால க்ளவுட்ல மூணும் ஒல்லியா தெரியும், கூட்டினா தான் பெருசு. டிலேனு அடிச்சு பின்னாடி ஒரு நட்சத்திரக் குறி போட்டா அதுல ஆரம்பிக்கற எல்லாத்தையும் ஒரே கோடா சேத்து காட்டும். ரெண்டு வார்த்தைய மேற்கோள் குறிக்குள்ள போட்டா சொற்றொடராவே தேடும். ஆபீஸ் மெயில்ல வழக்கமா வர்ற "டூ த நீட்ஃபுல்" தேடணும்னா இப்படித் தான் தேடணும், க்ளவுட்ட பாத்துட்டு இருந்தா கெடைக்காது, அது வார்த்தைய ஒடச்சு ஒடச்சு தானே போடுது.

இங்க எனக்கு ஒரு பெரிய கம்ப்ளெய்ன்ட், வாயண்ட் மேல மட்டும் இல்ல, எல்லா க்ளவுட் டூல் மேலயும். எந்த மொழிலயும் கொஞ்சூண்டு வார்த்தைங்க தான் பாதி எடத்த புடிச்சிக்கும், த, ஆஃப், அண்ட் மாதிரி, இத ஜிஃப் விதினு சொல்வாங்க. அதனால ஸ்டாப் வேர்ட்னு ஒரு லிஸ்ட் வெச்சு அத எல்லாம் தூக்கிட்டு தான் படம் வரையுது. நியாயம் தான். ஆனா ஒருத்தர் எப்படி எழுதறாருன்னு காட்டிக் குடுக்கறது அந்த பொடி வார்த்தைங்க தான். டெக்சாஸ் யுனிவர்சிட்டில ஜேம்ஸ் பென்னிபேக்கர்னு ஒரு சைக்காலஜி ப்ரொஃபசர், நான், நாங்க, நீ மாதிரி பொடி வார்த்தைங்கள வெச்சே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்ணவரு. கோடிங் தெரிஞ்சவங்க க்ளவுட் போட எடுக்கற பைத்தான் வேர்ட்க்ளவுட் லைப்ரரி லிஸ்ட்ல "நாட்" கூட இருக்கு, அதாவது "நாட் டெஸ்டட்"னு எழுதினது படத்துல "டெஸ்டட்"னு கம்பீரமா நிக்கும். ஆபீஸ்ல இத விட ஆபத்தான ஒரு எடிட் இருக்க முடியாது.

அதனால வாயண்ட்ல ஆப்ஷன்ஸ் ஐகான தட்டி ஸ்டாப் வேர்ட் லிஸ்ட்ட "நன்" (None), அதாவது எதையும் தூக்காதன்னு, மாத்தி ஒரு தடவ பாருங்க. அழகா இருக்காது, ஆனா எங்க ஆர்சிஏல "வாஸ்"ஸும் "பை"யும் புடிச்ச எடத்த பாத்தா தெரியும், எல்லாம் தானா நடந்த மாதிரி எழுதியிருக்கோம், டேட்டாபேஸ் வாஸ் ரீஸ்டார்டட், அலர்ட் வாஸ் மிஸ்டு. "வி" எங்கன்னு தேடினா சாதனை சொல்ற ஸ்டேட்டஸ் மெயில்ல தான் குவிஞ்சு கெடக்கு, உடைஞ்ச கதை சொல்ற ரிப்போர்ட்ல காணோம். எனக்கு இந்த எக்ஸர்சைஸ்ல கெடைச்சதுலயே உருப்படியான விஷயம் இது தான், இது எந்த க்ளவுட்லயும் டிஃபால்ட்டா தெரியாது.

டீம்ல சேலத்து பையன் ஒருத்தன் இருக்கான், அவன் அனுப்பின மெயில மட்டும் அவன்கிட்டயே கேட்டு வாங்கி தனியா போட்டு காட்டினேன். கைண்ட்லி ஒண்ணு தான் ஆனை மாதிரி நின்னுச்சு. சிரிச்சிட்டு "அக்கா, கைண்ட்லி இல்லாம எழுதினா கோவமா இருக்கற மாதிரி ஆயிடாதாக்கா?"ன்னான். கான்டெக்ஸ்ட்ஸ்ல போய் பாத்தா பாதிக்கு மேல அவனோட சொந்த டீம்காரங்களுக்கு எழுதினது, "கைண்ட்லி செக்", "கைண்ட்லி கன்ஃபர்ம்". கீழ தர்ஷினி ஹோட்டல்ல காபி குடிக்கும்போது அதே ஆளுங்களத் தான் வாடா போடானு பேசறான். சரி அது பழக்கம், தப்புனு சொல்ல வரல. அவனவன் மெயில அவனவனே போட்டு பாக்கறதுக்கு இந்த டூல் பிரமாதம், அடுத்தவன் மெயில போட்டு அவனுக்கு சொல்றதுக்கு அவ்ளோ நல்லதில்ல. ஒருத்தன் எழுத்த இன்னொருத்தன் கண்காணிக்கற சாமானா ஆயிடுச்சுன்னா அடுத்த வாரமே எல்லாரும் நல்ல நல்ல வார்த்தையா பாத்து எழுத ஆரம்பிச்சுடுவாங்க.

அப்ரைசல். இத கேட்டு வந்தது ஹெச்ஆர்ல இருக்கற ஒரு ஃப்ரெண்டு, பேரெல்லாம் எடுத்துட்டு லீடுங்க எழுதின கமென்ட்ட ஆம்பளைங்களுக்கு எழுதினது பொம்பளைங்களுக்கு எழுதினதுன்னு பிரிச்சு குடுத்தாங்க. ரெண்டு க்ளவுட்டையும் பக்கத்து பக்கத்துல வெச்சா ரெட்டப் பிள்ளைங்க, ரெண்டுலயும் குட், டீம், டெலிவரி, வொர்க். இத பாத்துட்டு வித்தியாசமே இல்லனு மூடி வெக்கறவங்க தான் அதிகம். சம்மரி பேனல்ல டிஸ்டிங்டிவ் வேர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கு, மத்த ஃபைல்ல அதிகம் வராம இந்த ஃபைல்ல மட்டும் தூக்கலா வர்ற வார்த்தைங்கள தனியா காட்டும். எல்லா எடத்துலயும் வர்ற வார்த்தைக்கு எடை கம்மி பண்ணணும்ங்கற இந்த ஐடியாவ 1972ல எழுதினது கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ்னு ஒரு பிரிட்டிஷ் அம்மா. அதுல பாத்தா தான் ஒரு பக்கம் ஓனர்ஷிப், ஆர்க்கிடெக்சர், இன்னொரு பக்கம் சப்போர்டிவ், பேஷன்ட், சாஃப்ட்ஸ்போக்கன். 2014ல கீரன் ஸ்னைடர்னு ஒருத்தங்க அமெரிக்கால டெக் கம்பெனி ரிவ்யூ 248 சேத்து படிச்சு, அப்ரேசிவ் (கரடுமுரடா பேசறவங்க)ங்கற வார்த்தை பொம்பளைங்க ரிவ்யூல மட்டும் தான் வருதுன்னு ஃபார்ச்சூன் பத்திரிகைல எழுதினாங்க. அவங்க படிச்சு எண்ணினத நம்ம ஊர்ல மெஷின வெச்சு எண்ணினா வார்த்தை வேற, வாசனை அதே. நாங்க பாத்தத அந்த ஃப்ரெண்டு மேல அனுப்பினாங்க, அங்க என்ன ஆச்சுன்னு கேக்காதீங்க, சாம்பிள் சின்னதுன்னு பதில் வந்துச்சு. சாம்பிள் சின்னது தான், அதுல தப்பில்ல, ஆனா பெரிய சாம்பிள் எடுக்கலாமான்னு யாரும் கேக்கல.

தமிழ்ல வேலை செய்யுமானு கேப்பீங்க. எங்க டீம்ல தமிழ் ஆளுங்களுக்குன்னு ஒரு வாட்ஸாப் க்ரூப் இருக்கு, மடிவாளால பஸ் எத்தன மணிக்கு, லீவுக்கு யாரு ஷிஃப்ட் மாத்திப்பான்னு ஓடிட்டே இருக்கும். எல்லார்கிட்டயும் கேட்டுட்டு அத எக்ஸ்போர்ட் பண்ணி பைத்தான் லைப்ரரில விட்டேன். படம் இல்லாம எக்ஸ்போர்ட் பண்ணா ஒவ்வொரு ஃபோட்டோ எடத்துலயும் "மீடியா ஒமிட்டட்"னு போட்டு வெக்கும், ஸ்டிக்கர் மேல ஸ்டிக்கரா அனுப்பற க்ரூப்புக்கு அது தான் தேசிய கீதம். அத தூக்கினப்பறம் தமிழ் எல்லாம் கட்டம் கட்டமா வந்துச்சு, டிஃபால்ட் ஃபான்ட்ல தமிழ் இல்ல. நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட் குடுத்தா கொம்பு எழுத்துக்கு பின்னாடி போய் நிக்குது, படம் வரையற பில்லோ லைப்ரரிக்கு, எழுத்த ஒழுங்கா அடுக்கற ராக்ம்ங்கற லைப்ரரி சேந்தா தான் அது ஒழுங்காகும். அதுவும் சரியாச்சுன்னா அடுத்த கூத்து, அந்த லைப்ரரி வார்த்தைய பிரிக்க பயன்படுத்தற விதி நம்ம கால், கொம்பு, புள்ளி எதையும் எழுத்தா மதிக்கறதில்ல, அங்கங்க வெட்டிடும். மகிழ்ச்சிங்கற வார்த்தைல "மக" மட்டும் ஒட்டி நிக்கும், மீதி உதிர்ந்துடும். "பரவாயில்ல"ங்கற வார்த்தை "பரவ"வோட நின்னுடும். லீவு உருத்தெரியாம போயிடும், எங்க மேனேஜர் அப்ரூவ் பண்ற லீவு மாதிரியே. தமிழ் யூனிகோட் எழுத்துங்கள சேத்து நாமளே ஒரு விதி எழுதிக் குடுத்தா சரியாயிடும், கோடிங் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வரி வேலை, தெரியாதவங்க திட்டிட்டு மூடிடுவாங்க.

எல்லாம் சரி பண்ணாலும் க்ளையண்ட், க்ளையண்ட்டுக்கு, க்ளையண்ட்கிட்ட, க்ளையண்ட்டோட எல்லாம் நாலு தனி ஆளா தான் எண்ணும். நம்ம மொழில வேற்றுமை எல்லாம் வார்த்தையோட ஒட்டிக்குதே. இதுல பாதி பேர் இங்கிலீஷ் எழுத்துல தமிழ் அடிக்கறவங்க, ரொம்பங்கறதுக்கு ஆளுக்கொரு ஸ்பெல்லிங். தமிழ் எழுத்துக்கு க்ளவுட்ட நம்பி எறங்காதீங்க, ஒரு வார்த்தைய தேடி அது வர்ற வரிங்கள படிக்கறது எவ்வளவோ மேல்.

வாயண்ட்டோட கொறைங்க. ஆன்லைன்ல அப்லோட் பண்ணா உங்க டெக்ஸ்ட்டுக்கு ஒரு லிங்க் உண்டாயிடும், அந்த லிங்க் கைல இருக்கறவங்க திறந்து பாக்கலாம், சோ ஆபீஸ் சமாச்சாரத்த அங்க போடவே போடாதீங்க. வாயண்ட் சர்வர்னு டவுன்லோட் பண்ணிக்கற வெர்ஷன் இருக்கு, நம்ம லேப்டாப்லயே ஓடும், ப்ரவுசர்ல 8888 போர்ட்ல திறக்கும், டெக்ஸ்ட் வெளிய போகாது. எங்க லேப்டாப்ல இன்ஸ்டால் பண்ண அப்ரூவல் வாங்கறதுக்கு தான் டூல கத்துக்கறத விட அதிக நேரம் ஆச்சு. பெரிய ஃபைல் போட்டா தெணறுது. பேனல மாத்தற ஐகான் எல்லாம் மவுஸ் கிட்ட போனா தான் எட்டிப் பாக்குது, புதுசா வர்றவங்க அது இருக்கறதே தெரியாம சுத்துவாங்க. இத எல்லாம் சேத்து அஞ்சுக்கு நாலு குடுப்பேன். அழகு வெப்சைட்டுங்களுக்கு ஒண்ணரை, அதுவும் அந்த மக்குக்காக.

எறங்கறவங்க ஸ்டாப் வேர்ட் லிஸ்ட்ல டிஃபால்ட்டோட இதையும் சேத்துக்கோங்க, எல்லாம் எங்க மெயில்ல இருந்து பொறுக்கினது: டியர், ஹாய், ஆல், டீம், தேங்க்ஸ், ரிகார்ட்ஸ், ஃப்ரம், சென்ட், சப்ஜெக்ட், அட்டாச்டு, பிஎஃப்ஏ, எஃப்ஒய்ஐ, ஐஎஸ்டி, கிழமைங்க, மாசங்க, உங்க கம்பெனி பேரு, பெங்களூரு, பேங்களூர் ரெண்டு ஸ்பெல்லிங்கும். கைண்ட்லி, ரிவர்ட், ஜென்டில் மூணையும் தூக்காதீங்க, அத விட்டு வெச்சா தான் வேடிக்கையே.